ஒன்பது மணிக்குப் பிறகான வெளிச்சம்

அம்பிளாந்துறைப் பாதை
இன்னும் அக்கரையில் நிற்கிறது.
குருக்கள்மடத்துறையில் எனக்குப் பதினைந்து நிமிடம்,
போனில் இருபத்தொரு வீதம் சார்ஜ்.

காலையிலிருந்து நாற்பத்தாறு வீட்டு மீற்றர்.
நாய் நிற்கிற வளவென்றால்
வேலிக்கு இப்பால் நின்று
இதே கமராவால் எட்டிப் பிடித்து
இலக்கத்தைப் பெரிதாக்கிப் பில் எழுதுவேன்.
அந்தப் படங்களில் நிறமிருக்கும்,
பார்க்கத்தான் ஆளில்லை.

ஒன்பது மணி தாண்டினால்
வாவியில் நிறம் தரிக்காது.
தண்ணீர் தகரம். வானம் அதைவிட வெளுத்த தகரம்.
படுவான்கரையில் பொழுது சாயும்போது வா,
பொன்னாய் இருக்கும் என்கிறார்கள்.
பொழுது சாயும்போது எனக்கு
மகளின் பின்னக் கணக்கு இருக்கிறது.
ஆகவே நிறத்தைக் கழற்றி
செருப்பைப் போல ஓரமாய் விட்டுவிட்டு
வெய்யிலுக்குள் இறங்கினேன்.

கண்ணாப் பற்றையோரம் எருமை,
முதுகில் கொக்கு.
எருமையைத் தொட்டு வெளிச்சம் பிடித்தால்
கொக்கு எரிந்து
கடதாசியில் விழுந்த ஓட்டை.
கொக்கைத் தொட்டால்
எருமை கிணறாகிவிடுகிறது,
கொம்பு எங்கே முடிகிறதென்று தெரியாத கிணறு.
விரலால் மேலே இழுத்து, கீழே இழுத்து,
கடைசியில்
கொக்கின் பக்கம் சாய்ந்தேன்.
எருமை ஒரு காதை மட்டும் அசைத்தது.
அந்தக் காதும் படத்தில் இல்லை.

பக்கத்தில் வெறும் தயிர் முட்டிகளோடு
கமலவேணியக்கா.
எழுவான்கரையில் விற்று முடித்துத்
திரும்புகிறா.
அவ கையில் முட்டி, முட்டி வாயில் வெய்யில்:
எடுத்துவிட்டேன்.

"என்ன மனே, என்னையும் புடிச்சயா? காட்டு பாப்பம்."
காட்டினேன்.
"இதென்ன கறுப்பு வெள்ளயில?
லைட் கம்பத்துல ஒட்டுறதுக்கா?
நான் இன்னம் உசிரோட இரிக்கன்கா!"
துறை முழுக்கச் சிரித்தது.
மோட்டார் சைக்கிளில் மீன்பெட்டி கட்டியவனுக்குப்
புரையேறிவிட்டது.

உண்மையில் கம்பத்து நோட்டீஸ்கள்
இப்போது நிறத்தில்தான் வருகின்றன.
ஊதா மேகம், ரோசாப்பூ,
ஆயுளில் போடாத கோட்டு,
காற்றுக்கும் அணையாத தீபம்.
செத்தவர்களுக்குத்தான் அவ்வளவு நிறம் என்று
சொல்ல வாயெடுத்தேன்.
அதற்குள் அவ
போனை முகத்தோடு வைத்துத் தேடிக்கொண்டிருந்தா.

"கரை எங்க?"

நான் வாவியைப் பார்த்தேன்.

"சீலைக்கரைடா! சிவப்புச் சீல, பச்சைக் கரை.
கரைக்காகத்தானே கல்முனையில
அவ்வளவு காசு குடுத்தன்."

சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பல்.
எவ்வளவு பெரிதாக்கினாலும்
துணி எங்கே முடிகிறது, கரை எங்கே தொடங்குகிறது
என்று போனுக்குத் தெரியவில்லை.
சரி என்று நிறத்தில் இன்னொன்று எடுத்தேன்.
கரை வந்தது.
முகத்தில் பாதி கருகி, பாதி வெளுத்து வந்தது.
அக்கா இரண்டையும் மாறி மாறித் தள்ளிப் பார்த்தா.
பழைய படத்தில் மணிக்கட்டில் நிறுத்தினா.
காய்ந்த தயிர்ப்பொட்டு, நரம்பு,
முட்டிக் கயிறு அறுத்த நீளத் தழும்பு.
"கை நல்லாரிக்கி" என்றா,
வேறு யாரோ ஒருத்தியின் கையைச் சொல்வதுபோல.
மறுகா,
"டோகாவில இரிக்கிற மகனுக்குக்
கரை தெரியிறத அனுப்பு.
இத அழிச்சிராத."

பாதை வந்து இடித்தது.
ஏறினோம். நடுவாவியில்
எவரையும் எடுக்கவில்லை, சார்ஜ் பதினொன்று.

படுவான்கரையில் முதல் வளவிலேயே நாய்.
வேலிக்கு இப்பால் நின்று எடுத்தேன்,
பெரிதாக்கினேன், எழுதினேன்:
நாற்பத்து நாலாயிரத்து நூற்று எழுபத்துமூன்று.
கழித்துப் பார்த்தால்
அந்த ஓலைக்கொட்டில்
ஒரு மாதத்தில் ஒரு அரிசி ஆலையளவு
மின்சாரம் குடித்திருக்கிறது.

கடைசி இலக்கம் சிவப்பு.
பத்தில் ஒன்று, கணக்கில் சேராது.
படத்தில் அதுவும்
மற்ற நாலைப் போலவே நின்றது,
ஒழுங்காய், சாம்பலாய்.

வீட்டுக்காரி படலையடியில் வந்து
"எவ்வளவு தம்பி?" என்றா.
"கொஞ்சம் பொறுங்க" என்றேன்.
நாய் குரைத்துக்கொண்டேயிருக்க,
நிறத்தை எங்கே கழற்றி வைத்தேனென்று
அமைப்புகளுக்குள் தேடினேன்.