கேத்தி நடைபாலம்

வளைவு காலூன்றும் இடத்தில்
மயிரிழை விரிசல் ஒன்று.
குறுக்கே ஒரு கண்ணாடிப் பட்டையை
சிமெண்டால் ஒட்டிவிட்டு வந்தேன்.
கல் நகர்ந்தால் கண்ணாடி உடையும்,
அவ்வளவுதான் சோதனை.

தண்டவாளம் சாய்ந்து போகிறது என்பதற்காக
ஒவ்வொரு வரிசையையும்
கூடை முடைவதுபோல் திருகி ஏற்றியிருக்கிறார்கள்.
உச்சிக்கல்லின் வயிற்றில்
மூன்று உளிக்கோடு.
கூலிக் கணக்கோ கொத்தியவன் பெயரோ,
கோப்பில் இல்லை.
கோப்பில் இருப்பது: கல், முதல் தரம்.

மேலே ஹாலம்மா
கேரட் மூட்டையோடு கடக்கிறாள்.
"மூடப் போறீங்களா மேடம்?"
சுமை ஏற ஏறத்தான் வளைவு இறுகும்
என்று படித்திருக்கிறேன்.
அதை மூட்டை தூக்குகிறவளிடம்
எப்படிச் சொல்வது?
"கண்ணாடி சொல்லட்டும்" என்றேன்.

ஐப்பசி முழுக்க மழை.
இருபத்தோராம் நாள் டார்ச்சோடு போனேன்.
உடையவில்லை.
பழைய இன்ஜின்களின் கரி
பின்னால் அப்பியிருந்ததில்
பட்டை முகம் பார்க்கும் கண்ணாடியாகியிருந்தது.
ஓரத்தில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு,
கீழே சீப்பின் உடைந்த பல்.
பள்ளிக்கூடம் போகும் வழி இது.

'நகர்வு இல்லை' என்று எழுதினேன்.
பொட்டை எழுதப் பத்தி இல்லை படிவத்தில்.
கிளம்புமுன்
என் பாதி முகத்தையும் பார்த்து
நெற்றி ஈரத்தைத் துடைத்துக்கொண்டேன்.