வரவு

தீயணைப்பு வண்டியை வெளியே மழையில் நிறுத்திவிட்டு
அது நின்ற இடத்தில் மேசை போட்டோம்.
தரையில் எண்ணெய்க் கறை, காற்றில் தக்காளி சாஸ்.
தலைக்குப் பத்து டாலர், குழந்தைகளுக்குப் பாதி,
இரண்டாம் தட்டு ஸ்பகெட்டிக்குக் கணக்கில்லை.

பிஸ்கட் டப்பாதான் கல்லா.
கல்லாவில் நான்.
எனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது.
பாதைக் கமிட்டியில் யாரிடமும் இதைச் சொன்னதில்லை.

சிறு துளி பெருவெள்ளம்.
எங்களுக்கு அது வசூலில் பலிக்கும் முன்
ஓடையில் பலித்துவிட்டது.
மேற்கு வர்ஜீனியாவின் ஜூன், மூன்று நாள் தூறல்,
நான்காம் நாள் பாலத்துக்குத் தளம் இல்லை.

நிலக்கரி ரயில் போன தடம்.
தண்டவாளம் பெயர்த்துப் பொடிக்கல் கொட்டி
பதினோரு மைல், நடப்பவர்க்கும் மிதிப்பவர்க்கும்.
இப்போது ஆறாம் மைலில் வெறும் இரும்புச் சட்டம்,
சட்டத்தின் இடையில் தண்ணீர்.

'ஒரு பலகை நாற்பது டாலர்,
உங்கள் பெயர் செதுக்கப்படும்'
என்று சாக்குக்கட்டியால் எழுதியவள் டார்லா ஹெட்ரிக்.
'எழுத்துப் பிழைக்கு நாங்கள் பொறுப்பல்ல'
என்று சேர்த்தவளும் அவளே.

பல் டாக்டர் நான்கு வாங்கினார்.
வங்கி ஒன்றே ஒன்று.
லுவெல்லா கைனர்
செத்துப்போன நாயின் பெயருக்கு ஒன்று எடுத்தாள்.
உயிரோடிருக்கும் கணவனுக்கு? வேண்டாம் என்றாள்.
கணவன் தலையாட்டிக்கொண்டே சாஸ் கிண்டினான்.

ஏழு மணிக்கு ராய்ஸ் டாக்கெட் வந்தான்.
முள்கரண்டிகளின் சத்தம் குறைந்தது.
தன் மேய்ச்சல் ஓரமாகப் பாதை போகக் கூடாதென்று
ஆறு வருடம் கோர்ட்டுக்கு நடந்தவன்.
வேலியில் அவன் மாட்டிய 'திரும்பிப் போ' தகட்டில்
முதல் சொல்லைத் துரு தின்று
'போ' மட்டும் மிச்சம்.
சைக்கிள்காரர்கள் அதை உற்சாகமூட்டல் என்று எடுத்துக்கொண்டு
கையசைத்துவிட்டுப் போகிறார்கள்.

பத்து டாலர் நீட்டி ரசீது கேட்டான்.
ரசீதுப் புத்தகம் இல்லை. காகிதக் கைக்குட்டையில் எழுதிக் கொடுத்தேன்.
மூன்று தட்டு சாப்பிட்டான்.
சுவரிலிருந்த பாலத்தின் வரைபடத்தைப் பார்த்து
"பலகையை நீளவாக்கில் போட்டால்
சக்கரம் இடுக்கில் மாட்டிச் சாவீர்கள்.
குறுக்கே போடுங்கள்" என்றான்.
யாரும் பேசவில்லை.
அவன் சொன்னது சரி, அதுதான் கஷ்டம்.
பலகை வாங்காமல் போனான்.

இருநூற்றுப் பன்னிரண்டு வேண்டும், அன்றிரவு நூற்றெழுபது தேறியது.
மிச்சத்துக்கு அக்டோபரில்
எண் போட்ட ரப்பர் வாத்துகளை ஓடையில் விட்டோம்.
முந்தி வந்தது என் வாத்து.
பொருளாளரின் வாத்து ஜெயித்தால் ஊர் என்ன பேசும்?
வலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தேன்,
அது போயேவிட்டது.

திறப்பு விழாவுக்கு முந்தைய மாலை
நாடா கட்டப் போனேன்.
பாலத்தின் நடுவில் ஒரு பழுப்பு மாடு,
வங்கியின் பெயர் மேல்
தன் கருத்தை இட்டுவிட்டு நின்றது.
பின்னாலேயே கயிறும் வசவுமாக ராய்ஸ்.
புதர் ஓரமாக ஒதுங்கிக்கொண்டேன்.

ஏறியவன் பாதியில் வசவை நிறுத்தினான்.
பலகை பலகையாகக்
குதிகாலால் தட்டிக்கொண்டே நடந்தான்.
நாயின் பெயரைத் தாண்டினான், மிதிக்கவில்லை.
ஓரிடத்தில் மரம் முனகியது.
குனிந்தான்.
சட்டைப் பையிலிருந்து திருகாணி எடுத்தான்.
மாடு பிடிக்க வருகிறவன்
பையில் திருகாணியோடா வருவான்?

மறுநாள் மேயர் நாடா வெட்டி
முதல் அடி தன்னுடையது என்றார்.
கத்தரிக்கோல் தட்டைப் பிடித்தபடி நின்றேன்.
கூட்டம் கலைந்த பிறகு அந்த இடத்தில்
இரண்டு காலையும் ஊன்றி அழுத்தினேன்.
சத்தமே இல்லை.

இரவு கணக்கு நோட்டில்
வரவுப் பக்கத்தில் எழுதினேன்:
திருகாணி, இரண்டு.
ரசீது தரவில்லை.