பெட்ரோலின் நிழல்

ஆவி கண்ணுக்குத் தெரியாது என்று
அறிக்கையின் மூன்றாம் பக்கத்தில் எழுதியிருந்தேன்.
ஈசூனில் ஒரு பெட்ரோல் நிலையம், மதியம் ஒன்றரை,
தற்செயலாகத் தரையைப் பார்த்தேன்.
டாக்சியின் தொட்டிவாயிலிருந்து
அதன் நிழல் நெளிந்து நெளிந்து எழுந்தது,
கொதிக்கிற பானைக்கு மேலே எழுவதுபோல,
பானைதான் இல்லை.

ரோஸ்மினா குழாயைப் பிடித்தபடி
முகத்தை மட்டும் அந்தப் பக்கம் திருப்பியிருந்தாள்.
பதினோரு வருட வேலை. கழுத்துக்கே பழகிவிட்டது.
வாசனை வருகிறதா என்று எனக்குத் தெரிந்த மலாயில் கேட்டேன்.
"எந்த வாசனை?" என்றாள்.

என் அட்டவணையில் இடப்பக்கம் செலவு:
ஆவியை உறிஞ்சித் திருப்பும் புதுக் குழாய்,
பராமரிப்பு, பயிற்சி, கடை மூடும் இரண்டு நாள்.
வலப்பக்கம் வரவு:
மீண்டுவரும் பெட்ரோல், சொட்டுச் சொட்டாக.
அது நிலத்தடித் தொட்டிக்குப் போய்
முதலாளி கணக்கில் சேர்ந்துவிடும்.
அதற்கும் கீழே ‘நலம்’ என்று ஒரு வரிசை.
திருப்பி வைத்த ஒரு கழுத்தை
அதில் எந்த எண்ணாகத் தட்டுவது?

ஆண்டுக்கு நான்கு சதவீதம் கழிவு.
இன்றைக்கு இழுத்த மூச்சு
இருபது வருடம் கழித்து நோயாக வந்தால்
இன்றைய வெள்ளியில் அது பாதிக்கும் குறைவு.
சூத்திரம் நான் எழுதியதல்ல.
கட்டங்களை இழுத்து நிரப்பியது என் விரல்.

"லிட்டருக்கு ஒரு காசுகூட ஏறாது,
ஆனால் அந்த ஒரு காசை யார் கேட்டார்கள்?" என்றார் தியோ.
"மின்கார் வந்துகொண்டிருக்கிறது. கொஞ்சம் பொறு,
பிரச்சினையே ஆவியாகிவிடும்."
சிரித்தார். நானும் சிரித்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும்.
என் காரின் அடியிலும் ஒரு கரிப்பெட்டி உண்டு.
வெயிலில் தொட்டி விடும் மூச்சைப் பிடித்துவைத்து
ஓடும்போது எஞ்சினுக்குக் குடிக்கக் கொடுக்கும்.
அதன் வால்வு போய்விட்டது.
மார்ச்சிலிருந்து மஞ்சள் விளக்கு எரிகிறது.
சின் மிங்கில் முந்நூற்று எண்பது வெள்ளி என்றார்கள்.
சிஓஇ முடிய இன்னும் பதினான்கு மாதம்.
அங்கேயே நின்று வகுத்தேன்:
மாதத்துக்கு இருபத்தேழு வெள்ளி.
வேண்டாம் என்று வந்துவிட்டேன்.
இப்போது அந்த விளக்கின் மேல்
மகன் ஒட்டிய பச்சை டைனோசர்.
வயிறு மட்டும் மஞ்சளாக ஒளிர்கிறது.

சனிக்கிழமை, அடுக்கு கார்நிறுத்தத்தின் மேல்தளம்.
கூரையில்லாத வெயில்.
தொட்டி மூடியைத் திருகினேன்.
நெடுநேரம் அடக்கி வைத்த பெருமூச்சு ஒன்று
புறங்கையில் பட்டுப் போனது.
கீழே, சுண்ணாம்புக் கோட்டின் மேல்
என் கையின் நிழல்.
கை நடுங்கவில்லை.
நிழல் மட்டும் நடுங்கியது.