பத்துக்கு மூணு இலவசம்

யாரும் பெயர் சொல்லிக் கேட்பதில்லை.
லாரன்ஸ் ரோட்டில் எங்கள் மருந்துக்கடைக்கு வருகிறவர்கள்
முதலில் இருமல் மிட்டாய் வாங்குவார்கள்,
பக்கத்தில் நிற்கிற ஆள் நகரும்வரை
சில்லறையை எண்ணுவார்கள்.
பிறகு குரல் ஒரு படி இறங்கும்:
"அது... வயித்துக்கு."
தாளில் சுற்றிக் கொடுப்பேன்.
நாப்கினுக்கும் இதற்கும் மட்டும்தான்
இந்தக் கடையில் தாள்.

சிங்காரத்தோப்பு அஞ்சாப்புலிக்கு விளக்கெண்ணெய்.
மூன்று நாள் கடல், ஒரே போட்டில் ஒன்பது பேர்.
"நாலு பேர் பார்க்கக் குந்துனா வராதும்மா,
கரைக்கு வந்தா அது கோச்சுக்குது."
ரிட்டையர் ஆன தாசில்தாருக்கு
ஆரஞ்சு வாசனை போட்ட இசப்கோல்;
சாதா உமியை நீட்டினால்
பட்டாவை மறுத்ததுபோலப் பார்ப்பார்.

செவ்வாய் மதியம் ஜெபஸ்டின் வருவான்,
டை, சக்கரம் வைத்த பை.
டேப்லெட்டில் இளஞ்சிவப்பாய் ஒரு பெருங்குடல்
மெல்லச் சுழலும்.
பக்கத்தில் பச்சை அம்பு மேலே ஏறும்.
"இனி எல்லாருக்கும் உக்காந்த வேலைதான் மேடம்.
இந்த மார்க்கெட் படுக்கவே படுக்காது.
பத்து எடுங்க, மூணு ஃப்ரீ."
எங்கள் முதலாளி முந்நூறு எடுத்தார்.

தையல்நாயகி எதிர் ஜவுளிக்கடை,
இரண்டாம் மாடி, பட்டு செக்‌ஷன்.
அவள் மட்டும் குரலை இறக்கவில்லை.
ஃபைலைக் கவுண்டரில் விரித்தாள்:
ரத்தம், ஸ்கேன், குழாய் விட்டுப் பார்த்தது,
எல்லாம் நார்மல்.
கடைசியில் டாக்டர் கிறுக்கியிருந்தார், ஃபங்ஷனல்.
"அப்படின்னா என்னக்கா?"
குடலில் பழுதில்லை, வேலைதான் நடக்கவில்லை என்றேன்.
"எங்க கடையில அதுக்கு ஆளை மாத்திடுவாங்க."

லாக்டுலோஸ் ஒரு பாட்டில்.
அடுத்த வாரம் இன்னொன்று. பிறகு பவுடர்.
தண்ணி நிறைய குடி என்றேன்,
அட்டையில் அச்சடித்திருப்பதை.

"குடிச்சா போகணும்ல.
சாவி சூப்பர்வைசர்கிட்ட. போனா நோட்டுல டைம் எழுதுறார்.
ஏழேகாலுக்கு நெல்லிக்குப்பத்துல பஸ் ஏறுறேன், அப்ப வராது.
பதினோரு மணிக்கு வரும்.
அப்ப ஒரு கல்யாணப் பார்ட்டி முன்னால
அம்பது சேலை விரிச்சு நிப்பேன்.
இப்ப வேணாம், போன்னு சொல்லுவேன்.
போயிடும். ரொம்ப மரியாதை தெரிஞ்சது."

பில் போட்ட விரல் நின்றது.
காலை ஒன்பதுக்கு வரும் நான்
ராத்திரி ஒன்பதுக்குத் திரும்புகையில்
தண்ணீர் பாட்டிலை மூடி திருகாமலே கொண்டுபோகிறவள்.
சாம்பிள் பாட்டிலில் தினமும் இரண்டு மூடி.
பில் இல்லை.

எங்கள் கடையிலும் ஒன்று இருக்கிறது,
படிக்கட்டுக்குக் கீழே.
கதவைத் திறந்தால்
பீங்கான்மேல் பலகை,
பலகைமேல் கூரைவரை
ஜெபஸ்டினின் இலவசங்கள்.

அவள் சாப்பாட்டு நேரம் இருபது நிமிஷம்.
ஷட்டரைப் பாதி இறக்கினேன்.
பதினோரு பெட்டி, ஆளுக்கொரு பக்கம் பிடித்து.
பலகைக்கடியில் இரண்டு பல்லிமுட்டை.
குழாய் இருமி இருமி
முதலில் துரு, அப்புறம் தண்ணீர்.

பெட்டிகள் இப்போது கவுண்டர் முன்னால்.
மாத்திரைக்குக் காத்திருப்பவர்கள்
அதன்மேல் உட்காருகிறார்கள்.
முதலாளியிடம் டிஸ்ப்ளே என்று சொல்லியிருக்கிறேன்.
நேற்று ரெடிமேடிலிருந்து இன்னும் இரண்டு பெண்கள்.
தையல்நாயகிக்கு முழுசாகச் சரியாகவில்லை.
"கோவம் தீரலக்கா. நாலு நாளைக்கொருவாட்டி
எட்டிப் பார்த்துட்டுப் போகுது."

இந்தச் செவ்வாய் ஜெபஸ்டின்
சுழலும் குடலை அணைத்துவிட்டு
பையைச் சாத்தாமல் நின்றான்.
காலையில் விருத்தாசலம், நெய்வேலி,
இன்னும் பண்ருட்டி போகவேண்டும்.
இருமல் மிட்டாய் ஒன்று கேட்டான்.
ஆட்கள் நகர்ந்தார்கள்.
"மேடம்... பின்னாடி... சாவி?"

சாவியெல்லாம் இல்லை,
தள்ளினால் திறக்கும் என்றேன்.