இலக்கம் 47/3

"கார்புரேற்றர் அடைச்சிருக்கு,
பின்னேரம் அஞ்சு மணிக்கு வாங்கோ" என்றான்
ஸ்ரான்லி வீதி கராஜ்காரன்.
அப்போது காலை ஒன்பது.
கையில் தலைக்கவசம்,
முன்னால் ஒரு முழு நாள்.

நாலு வருசமாய் இந்த நகரத்தை
இலக்கங்களாய்த்தான் எனக்குத் தெரியும்.
பார்சல் பையோடு ஓடுகிறவனுக்கு
வீதி என்பது ஒரு படலைக்கும் அடுத்த படலைக்கும்
இடையில் எரிகிற பெற்றோல்.
நாய்களைத் தெரியும்:
எது கடிக்கும், எது குரைத்துவிட்டுப் படுக்கும்.

பிரதான வீதி இவ்வளவு நீளமென்று
கால்தான் வந்து சொன்னது.

கூரையில்லாமல் கிடந்த கட்டடம்
கோப்பிக் கடையாகியிருக்கிறது.
உள்ளே முளைத்த ஆலமரத்தை வெட்டவில்லை,
கண்ணாடி போட்டு மூடியிருக்கிறார்கள்.
விலைப்பட்டியலை இரண்டு தரம் வாசித்துவிட்டு
"பிளேன்ரீ இருக்கோ?" என்றேன்.
இருந்தது. முந்நூறு ரூபா.
கோப்பையின் காதுக்குள் என் விரல் போகவில்லை.

ஒரு சுவரை மட்டும் பூசாமல் விட்டு
சன்னம் துளைத்த இடங்களுக்கு மேலே
மஞ்சள் விளக்குப் பூட்டியிருந்தார்கள்.
அதன்முன் நின்ற இரண்டு பெடியள்
போனை என் கையில் தந்தார்கள்:
"அண்ணை, ஓட்டையெல்லாம் விழுறமாதிரி எடுங்கோ."
எடுத்தேன்.
ஒருவன் கண்ணை மூடிவிட்டானென்று
திரும்பவும் எடுத்தேன்.

பண்ணையில் புதுக்கல் பதித்த நடைபாதை.
கைபிடிக் கம்பியில் வலை காயப்போட்டிருந்தது.
காவலாளி வந்து விசில் ஊதினான்.
வலைக்காரர் அவசரமில்லாமல் சுருட்டினார்.
அவன் அந்தப் பக்கம் போக
இந்தப் பக்கம் விரித்தார்.
ஒரு கச்சான் பொட்டலம் முடியும்வரை பார்த்தேன்,
மூன்று தரம் நடந்தது.
இருவருக்கும் கோபமில்லை.
அது அவர்களுடைய நேர அட்டவணைபோல.

மத்தியான வெயிலுக்கு ஒதுங்கத்தான்
அந்தச் சுவரோரம் நின்றேன்.
45, ஐஸ்கிறீம் கடை.
49, வங்கியின் காசு இயந்திரம்.
நடுவில் ஆரோ வரைந்த பெரிய நீல மீன்.
மீனின் வாலுக்கும் இயந்திரத்துக்கும் இடையில்
ஒரு தோள் அகலத்தில் இருட்டு.
சைக்கிளில் போனால் அது நிழல்.
நின்றால், ஒழுங்கை.

உள்ளே தகரப் படலை.
படலையில் சோக்கட்டியால் எழுதிய இலக்கம் 47/3.

என் வயிறு ஒரு தரம் புரண்டது.
அந்த விலாசத்தை மூன்று தரம் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.
"அப்படி ஓர் இலக்கம் இல்லை" என்ற
சிவப்புப் பேனை எழுத்து என்னுடையது.

பிள்ளையின் பள்ளிக்கூடச் சப்பாத்துக்கு
வெள்ளை பூசிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.
"எமில்டா நான்தான். ஏன்?"
சொன்னேன்.
"பதினொரு வருசமா இஞ்சதானே இருக்கிறம்" என்றாள்.
"முன்னுக்கு வடிவாக்கினாப் பிறகு
மின்சாரப் பில்லும் வாறேல்லை,
அது ஒரு நன்மை."
பிறகு கேட்டாள்:
"உள்ளுக்கு என்ன இருந்தது?"
"தெரியாதக்கா. குலுக்கினா சத்தம் வந்தது."
"சத்தம் வந்ததெண்டா தம்பிதான்" என்று
மற்றச் சப்பாத்தை எடுத்தாள்.
அதற்குமேல் கேட்க எனக்கு வாயில்லை.

வெளியே வந்து
பார்சலில் விலாசம் எழுதும் கறுப்பு மாக்கரை எடுத்தேன்.
மீனின் வாலில் 47/3 என்று எழுதி
ஓர் அம்புக்குறியும் போட்டேன்.
ஐஸ்கிறீம் கடைக்காரன் எட்டிப் பார்த்தான்.
"தம்பி, அது ஆட்!" என்றான்.
"ஓம்" என்றேன்.
எழுத்து கொஞ்சம் சரிவாய்த்தான் வந்தது.

அஞ்சு மணிக்கு,
"சாமான் கொழும்பிலயிருந்து வரவேணும்,
நாளைக்கு வாங்கோ" என்றான் கராஜ்காரன்.
நான் கத்துவேனென்று நினைத்தானாக்கும்,
ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு நின்றான்.
தலைக்கவசத்தை அவன் மேசையில் வைத்தேன்.
"இதுவும் இருக்கட்டும்."