யாரும் கேட்டு வராதவை

ஆர்க்னி தீவுகளுக்கு ஓடும் கப்பலில்
பயணச்சீட்டுக் கூண்டுக்குள் என் நாற்காலி.
அதன் கீழே ஒரு பிஸ்கட் டின்.
பயணிகள் தொலைத்ததெல்லாம் அதில் விழும்.
தேதி போட்டுப் பதிவேட்டில் எழுதுவேன்:
‘காதணி, ஒன்று. வெள்ளி. மீன் வடிவம்.
வலதா இடதா தெரியவில்லை.’
தொண்ணூறு நாள் காத்திருக்கும்.
அதற்குப் பிறகு என் இஷ்டம்.
‘முறைப்படி அகற்றவும்’ என்ற விதியை
நான் அப்படித்தான் வாசிக்கிறேன்.

ஓஸ்லாவுக்கு விவாகரத்துக் காகிதம் வந்தது நவம்பரில்.
கப்பலின் சமையற்கட்டு அவளுடையது.
முகத்தில் ஒன்றும் காட்டவில்லை.
அன்றைக்கும் சூப்பில் உப்பு சரியாகத்தான் இருந்தது.
கர்க்வாலில் கடை கடையாக ஏறினேன்.
பிறப்புக்கு வாழ்த்து அட்டை உண்டு, இறப்புக்கு உண்டு,
கார் ஓட்டும் தேர்வில் தோற்றவனுக்குக்கூட உண்டு.
இதற்கு இல்லை.

டின்னைத் திறந்தேன்.

பிள்ளைச் செருப்பின் பித்தளைப் பொத்தான்.
துளையோடு பிறந்த நார்வே நாணயம்.
பதினாலு என்று பொறித்த பெட்டிச் சாவி
(பெட்டி எந்த ஊரில் வாய்மூடிக் கிடக்கிறதோ).
கட்டைவிரல் நகத்தளவில் ஒரு சதுரங்கக் குதிரை.
அந்த மீன்.
இருக்கை மடிப்புகளில் நான்கு மாதமாய்ப் பொறுக்கிய
நீலக் கண்ணாடி மணிகள், முப்பத்தொன்று.
ஒரே மாலையிலிருந்து சிதறியவை.
மீதி கடலிலோ,
யாரோ ஒருத்தியின் கோட்டுப் பையிலோ.

குதிரைக்குத் துளை வேண்டும்.
எந்திர அறையில் ஸ்வெய்ன்
மெல்லிய துரப்பணத்தை எடுத்துக்கொண்டு
“கழுத்திலா, முதுகிலா?” என்றான் வைத்தியன் மாதிரி.
கழுத்தில் என்றேன்.

வளையத்தை இழுத்துப் பிளந்தால்
அது மறுபடி வட்டமாகாது.
கதவைத் தள்ளுவதுபோல்
ஒரு முனையைப் பக்கவாட்டில் தள்ளி
வந்த வழியே திரும்ப அழைக்க வேண்டும்.
மூன்றைக் கெடுத்த பிறகுதான் இது புரிந்தது.

மணி கோக்க அசையாத மேசை வேண்டும்.
எனக்கு வாய்த்ததோ பென்ட்லண்ட் நீரிணை.
கப்பல் சாய, மணிகள் கூட்டமாய் விளிம்புக்கு ஓடும்,
கப்பல் மனம் மாற, அவையும் மாறும்.
ஈரத்துணியை விரித்து அதில் கொட்டினேன், அடங்கின.
ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் நடுவே இரண்டு மணி,
நல்ல நாளில் மூன்று.
இருபத்தொன்பதாவதைத் தவறவிட்டேன்.
அது இன்னமும் கப்பலுக்குள் எங்கோ
சீட்டில்லாமல் பயணம் செய்கிறது.

உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள் ஓஸ்லா.
காகிதக் கைத்துண்டில் சுற்றிக் கொடுத்தேன்.
“யாருடையதெல்லாம் இது?”
“யாரும் கேட்டு வரவில்லை.”
மாவு ஒட்டிய மணிக்கட்டை நீட்டினாள்.

அதன்பின் அவள் நடந்தாலே சன்னமாய் ஒரு சலசலப்பு.
திருடிய பன்றித்துண்டை விழுங்கிவிட
மாலுமிகளுக்கு நேரம் கிடைத்தது.

பிப்ரவரியில் ஒருத்தி வந்தாள், சிவப்புக் கம்பளித் தொப்பி.
தட்டை வாங்கக் கை நீட்டியவள்
நீட்டியபடியே நின்றாள்.
“அது என் மீன்.”
வரிசை முழுதும் கேட்டது.
எதிர்க் கூண்டில் எனக்கும் கேட்டது.
இருநூற்று மூன்று நாள் ஆகிறது என்று
விதியைச் சொல்ல வாய் திறப்பதற்குள்
முட்கரண்டியின் பல்லை வளையத்தில் நுழைத்துவிட்டாள் ஓஸ்லா.
பக்கவாட்டில்தான் தள்ளினாள்,
நான் சொல்லித் தந்ததில்லை.
மீன் தட்டில் விழுந்தது,
பட்டாணிக்குப் பக்கத்தில்.

வந்தவள் நன்றி சொல்லவில்லை.
சட்டை நுனியில் துடைத்தாள்,
தொப்பியை உயர்த்திக் காதில் மாட்டினாள்.
மறு காதில், இத்தனை நாளும் ஒற்றையாய்த்
தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது இன்னொன்று.
பதிவேட்டைப் பிரித்துத் திருத்தினேன்:
இடது.

மாலையில் பாத்திரங்கள் கழுவி முடிந்தபோது
காலியான வளையத்தில்
சார்டின் டின் மூடியின் இழுவளையம் தொங்கியது.
கையை என் முகத்துக்கு நேரே ஆட்டிக் காட்டினாள் ஓஸ்லா,
“இதைக் கேட்டு வரட்டும், பார்க்கலாம்.”