எடைமேடை, செக்கானூரணி

கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து.
தினமும் காலை இதே சோதனை.
பதினேழு சதவீதத்தில் நின்று மூச்சு வாங்கும்.
வெளியே வைக்கோல் லாரி
ஆரனிலேயே வையும்.

கேபிளைப் பிடுங்கி, ஊதிச் செருகியாச்சு.
புது வட்டே வாங்கிப் போட்டார் ஒச்சப்பன்,
என் பாதிச் சம்பளம் என்று சொல்லிக்காட்டி.
மறுநாளும் பதினேழு.

நேற்றுதான் ரசீதில்
எடையை விட்டுத் தேதியைப் படித்தேன்.
1-1-2003.
அன்றைக்கு இந்த மேடைக்குக்
குழிகூடத் தோண்டியிருக்க மாட்டார்கள்.

பாவம், அது என்ன செய்யும்?
ராத்திரி மெயினை அணைத்தால்
எல்லா நாளும் மறந்து
அதே ஒன்றாம் தேதியில் கண் விழிக்கிறது.
பார்த்தால்,
இன்னும் வராத சாயங்காலத்தில்
யாரோ கணக்கு எழுதிப் போயிருக்கிறார்கள்.
சந்தேகம் வராதா?

டவுன்ஹால் ரோட்டுக் கடிகாரக்கடையில்
நாற்பது ரூபாய்,
சட்டைப் பொத்தான் அளவு பேட்டரி.
பழையதை ஊக்கால் நெம்பினேன்.
அடியில் ஒரு செத்த எறும்பு.

இன்று எதையும் துருவாமல்
நேரே எழுந்துவிட்டது.
லாரியை ஏற்றச் சொன்னேன்.
ஏழு டன் முந்நூற்று இருபது.
தேதியும் சரி.
டிரைவர் பார்க்காமலே மடித்துக்கொண்டார்.

ஒச்சப்பனிடம் இன்னும் சொல்லவில்லை.
அந்த நாற்பதை
எந்தக் கணக்கில் எழுத?